பொறுப்பது போல

எங்கள் ஊர்க் கல்லறையில் எங்கள் அய்யாவுக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு மாலை விழும். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று காலை ஏழு மணிக்குள் அண்ணன் குடும்பம் வந்து கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போய்விடும். சாயங்காலம் சாமியார் வந்து மந்திரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் போவோம். மந்திரிக்கும் நேரத்தில் அண்ணன் தன் மாமனார் கல்லறைப் பக்கம் நின்றுகொள்வார். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு கிடையாது. ஆனால் ஒரு வருஷம்கூடப் பிசகியதில்லை.

நாங்கள் போகும்போது அவர்கள் மாலை தலைமாட்டில் வாடிக் கிடக்கும். அதை எடுத்துப் போடக் கை வராது. அதன்மேல் எங்கள் மாலையை வைக்கவும் மனசு வராது. கால்மாட்டில் வைத்துவிட்டு வருவோம். தலைமாடு அவர்களுக்கு, கால்மாடு எங்களுக்கு. அய்யா சொத்தில் அண்ணனும் நானும் தகராறு இல்லாமல் பாகம் பிரித்துக்கொண்டது அந்த ஆறடி மட்டும்தான்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. அய்யா ஆத்தங்குடிக்குக் கூலிக்குப் போய்க் கல் போடக் கற்றுக்கொண்டு வந்தவர். நகரத்தார் வீட்டுத் தரையில் பார்த்திருப்பீர்களே, பூப்போட்ட சிமெண்டுக் கல், அதுதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதற்குச் சூளை கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய கலர் சிமெண்டுக் கரைசலை ஊற்ற வேண்டும். அச்சைக் கை நடுங்காமல் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையை நிரப்பிக் கரண்டியால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். பூ கீழே இருக்கும், முதுகு மேலே இருக்கும். போடுகிறவனுக்குத் தன் வேலை எப்படி வந்திருக்கிறது என்று அப்போது தெரியாது. ஒரு நாள் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி எழுந்து, கண்ணாடியைக் கழற்றினால்தான் முகம் தெரியும்.

அய்யாவிடம் 14 அச்சு இருந்தன. இந்தத் தொழிலில் மண்ணும் சிமெண்டும் யாரிடமும் கிடைக்கும், அச்சுதான் சொத்து. பழைய வீடுகளுக்குத் தரை ஒட்டுப்போடப் போகும்போது அங்குள்ள பூவைத் தாளில் வரைந்துகொண்டு வந்து, பட்டறையில் கொடுத்து ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்தவை. 1999 சித்திரையில் அவர் செத்தார். முப்பதாம் நாள் பூசைக்குள் கல்லறை கட்டிவிட வேண்டும் என்று, அவர் கடைசியாகப் போட்டு வைத்திருந்த பச்சைக்கொடிக் கல்லையே எடுத்து அவர்மேல் பதித்தோம். நான் கலவை வைக்க, அண்ணன் கல் வைக்க, ஒரே நாளில் முடிந்தது. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த வாரம் கொட்டகைக்குப் போனால் புதுப் பூட்டு தொங்குகிறது. “அய்யா எனக்குத்தான் எழுதிக் குடுத்தாரு” என்றார் அண்ணன். படுத்த படுக்கையாய்க் கிடந்தவரின் கைநாட்டு. இடமும் தொட்டியும் 14 அச்சும் உள்ளே போய்விட்டன. நான் ஒன்பது வருஷம் அடுத்தவர் தொட்டியில் கூலிக்குக் கல் போட்டேன்.

அவ்வளவுதான் கதை. செட்டிநாட்டில் எந்தத் தெருவுக்குள் போனாலும் இதுபோல இரண்டு கதை கிடைக்கும். ஆனால் எங்களுக்குள் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இருவருக்கும் ஒரே கோயில். ஞாயிறு பூசைக்கு அவர் வலது பக்கம் மூன்றாவது தூண், நான் இடது பக்கம் கடைசி. “ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்” என்று சாமியார் சொன்னதும் முன்னால் பின்னால் பக்கத்தில் எல்லாம் திரும்பிக் கும்பிடுவேன். வலது பக்கம் மட்டும் கழுத்து திரும்பாது. சுளுக்கு வந்தவன்போல 23 வருஷம் அப்படித்தான் சமாதானம் சொன்னேன்.

அதைவிட மோசம் பரலோக மந்திரம், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். எங்கள் ஊரில் பழைய வார்த்தையிலேயே சொல்லிப் பழக்கம்: “எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்.” அந்த ஒரு வரி வரும்போது எனக்குத் தொண்டை கமறும். இருமுவேன், இல்லாவிட்டால் மேல்துண்டைச் சரிசெய்வேன். “சோதனையில் விழவிடாதேயும்” என்று வரும்போது மறுபடி சேர்ந்துகொள்வேன். கடவுளிடம் பொய் சொல்லாமல் இருக்கிறேனாம். அப்படி ஒரு நேர்மை! ஆத்தா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரி ஜெபமாலை முடிந்ததும், “அந்த எடத்துல மட்டும் வாயில என்னடா வச்சிருக்க?” என்று ஒருநாள் கேட்டாள். பதில் சொல்லவில்லை. அவள் 2014-இல் போய்ச் சேரும்வரை தினமும் ஜெபமாலை முடிவில் பெரியவனுக்கு ஒரு அருள் நிறை மந்திரம் (மாதாவிடம் வேண்டும் ஜெபம்), சின்னவனுக்கு ஒரு அருள் நிறை மந்திரம் என்று தனித்தனியாகச் சொல்லுவாள். பெரியவனுக்குச் சொல்லும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

வாடகைக்குத் தொட்டி பிடித்து நானும் சொந்தமாகக் கல் போட ஆரம்பித்த பிறகு, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் தரை மாற்றும் வேலை கிடைத்தது. அங்கே வயசான ஆச்சி ஒருவர். வளவில் வேலை செய்துகொண்டிருந்தபோது இரண்டாம் கட்டிலிருந்து ஒரு தகரப்பெட்டியை நகர்த்தச் சொன்னார். நகரவில்லை. திறந்தால் முழுக்கக் காகிதம். பர்மாவில் அவர் மாமனார் கொடுத்த கடனுக்கு எழுதி வாங்கிய பத்திரங்கள். 1942-இல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் கடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஓடிவந்தவர், இந்தக் காகிதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாராம். “வராத கடன்தான். எரிக்கவும் மனசு வரலை, பூச்சி அரிக்குது, வருஷத்துக்கு ஒருக்கா வெயில்ல காயப்போடுறேன்” என்றார் ஆச்சி. வெயிலில் காயப்போடுகிறேன் என்று அவர் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. நானும் 1999-ஐ அப்படித்தானே வைத்திருந்தேன். வருஷம் தவறாமல் எடுத்து உதறி, காயவைத்து, எழுத்து அழியாமல்.

தேவகோட்டையில் சிமெண்டுக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் சி.எஸ்.ஐ. சபைக்காரர், புராட்டஸ்டண்ட். அவர்கள் பைபிளில் அந்த வரி “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று வரும். நீங்கள் பொறுக்கிறீர்கள், நாங்கள் தள்ளுபடி செய்கிறோம் என்று கிண்டல் செய்வார். எனக்கு எங்கள் வார்த்தைதான் பிடிக்கும். பொறு என்றால் சுமை தாங்கு என்றும் அர்த்தம். தள்ளுபடி செய்தால் கணக்கு முடிந்துவிடும். பொறுத்தால் சுமை தோளில்தான் இருக்கும், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதைப் பிற்பாடு ஒரு பெண்பிள்ளை எனக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தாள். வருகிறேன்.

2022 தவக்காலத்தில், நாங்கள் தனித்தனியாகப் போய்ச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க வெளியூரிலிருந்து வயசான சாமியார் ஒருவர் வந்திருந்தார். வழக்கம்போல, “கூடப்பிறந்தவர்மேல் கோபம்” என்று சொன்னேன். வருஷா வருஷம் பட்டியலில் மூன்றாவதாகச் சொல்லிக் கடந்துபோகிற பாவம். அவர் விடவில்லை.

“எத்தனை வருஷமா?”

“23 சாமி.”

“மன்னிக்கணும்னு தோணுதா?”

“இல்ல சாமி.”

நீண்ட பிரசங்கம் வரப்போகிறது என்று நினைத்தேன். அதற்குமுன் இரண்டு மூன்று தியானங்களுக்குப் போயிருக்கிறேன். கண்ணை மூடுங்கள், உங்களுக்குத் தீமை செய்தவரை மனதில் கொண்டுவாருங்கள், அவரைக் கட்டித் தழுவுங்கள் என்பார்கள். நானும் உண்மையாகவே முயன்று பார்த்தேன். தழுவின கை கழுத்துக்குப் போய்விட்டது. அதோடு அந்த வழியை விட்டுவிட்டேன். ஆனால் இந்தச் சாமியார் சொன்னது வேறு. “சரி, மன்னிக்க வேணாம். அபராதம் என்னன்னா, தினம் ஒரு அருள் நிறை மந்திரம். உங்க அண்ணன் பேரைச் சொல்லிட்டுச் சொல்லுங்க. பேரைச் சொன்னாப் போதும். வேற எதையும் நெனைக்க வேணாம்.” எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “அதை நான் சொல்லலையே” என்றார்.

அபராதம் என்றால் செய்துதான் ஆக வேண்டும். காலையில் முதல் சட்டத்துக்கு எண்ணெய் தடவும்போது சொல்லுவேன். ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. அண்ணன் பேரை நான் உச்சரித்தே பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் “அவன்” என்போம், இல்லாவிட்டால் “மேலத்தெரு”. பேரைச் சொன்ன முதல் வாரம் வாயில் ஏதோ கசந்தது. மெய்யாகச் சொல்கிறேன், எச்சில் துப்பினேன். மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் துப்பினேன்.

மூன்று நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சின்ன விஷயம். பேரைச் சொன்னதும் கூடவே ஒரு காட்சி வந்து நின்றது. 23 வருஷமாக அந்தப் பேரோடு வந்தது கொட்டகைப் பூட்டு மட்டும்தான். இது வேறு. அய்யா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் மலம், மூத்திரம் அள்ளிப்போட்டது மதினி. நான் சாயங்காலம் ஒரு எட்டுப் போய் எட்டிப்பார்த்துவிட்டு, “எப்படிய்யா இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்தவன். இது எனக்குப் புதிய செய்தி இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் கணக்கில் மட்டும் அதை எந்தப் பக்கத்திலும் எழுதாமல் விட்டிருந்தேன்.

2023 பிப்ரவரியில் ஓரியூர் திருவிழாவுக்குப் போனேன். எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் திருவாடானை வழியாக நடந்தே போவார்கள். எனக்கு முழங்கால் தேய்மானம், பஸ்தான். அருளானந்தர் கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு வருவது. போர்ச்சுக்கலில் பிறந்து, காவி கட்டி, மறவ நாட்டில் வேதம் போதித்தவர். 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். அந்த வருஷம் அது தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன்கிழமை. வெட்ட வந்தவனை அவர் கட்டித் தழுவினார் என்று சொல்வார்கள். அந்த இடத்து மண் சிவப்பு. எல்லாரும் முந்தானையில், வேட்டி முனையில் முடிந்துகொண்டு வருவார்கள்.

அன்றைக்கு என் மனசு அவரிடம் நிற்கவில்லை. கடலாயியிடம் போனது. மறவ நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர், அருளானந்தரிடம் வந்து ஞானஸ்நானம் வாங்குவதற்காக முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கடலாயி, மறவ நாட்டை ஆண்ட ராஜா கிழவன் சேதுபதிக்குச் சொந்தக்காரப் பெண். அவள் போய் அழுததில் ஆரம்பித்ததுதான் எல்லாம். பிரசங்கங்களில் அவளைப் பொல்லாதவள் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். சாமியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் உனக்கு இந்த வீடு இல்லை என்று சொல்லப்பட்டவள் அவள். பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அவள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் அந்தச் செம்மண்ணில் நின்றுதான் பார்த்தேன். அவள் அடிக்க நினைத்தது புருஷனை, விழுந்த தலை வேறொருவருடையது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்த வரி என்னை விடவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.

மார்ச் 3, தவக்காலத்து வெள்ளி. முதல் வெள்ளியும்கூட. அன்றைய வாசகம் மத்தேயு 5. நீ காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்துக்கு முன்னேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு. ஐம்பது தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும், உனக்குச் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றே காதில் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் வார்த்தை சரியாக விழுந்தது. அவனுக்கு உன்மேல். எனக்கு அவர்மேல் இருப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

அவருக்கு என்மேல் என்ன இருக்க முடியும் என்று தேடினேன். தேட வேண்டியே இருக்கவில்லை.

2006-இல் அண்ணன் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் விசாரிக்க வந்தபோது டீக்கடையில் என்னைப் பிடித்தார்கள். சித்தப்பன்காரன், தெரிந்திருக்குமே என்று. பொண்ணு எப்படி என்று கேட்டார்கள். “நல்ல புள்ளைதான்” என்றேன். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “சின்னதுல வலிப்பு வந்துச்சு. இப்ப எப்படி இருக்கோ, நாங்க போக்குவரத்து இல்ல” என்றேன். இரண்டு வயதில் காய்ச்சல் கூடி ஒரே ஒரு தடவை வெட்டியது. அப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியது. அதைச் சொல்லவில்லை. சம்பந்தம் நின்றுபோனது. நான்கு வருஷம் கழித்துப் புதுக்கோட்டைப் பக்கம் கொடுத்தார்கள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று 17 வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட அது ஒருதரம் வந்ததில்லை. அடிக்க நினைத்தது அண்ணனை.

அந்த வாரமே போயிருக்கலாம். போகவில்லை. மே மாதம்வரை இழுத்தேன். ஒருநாள் பிடித்த மழைக்கு, ஒருநாள் வந்த ஆர்டருக்கு என்று காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் என் சம்சாரம், “நீங்க இப்ப போகலைன்னா நான் போயிச் சொல்லிட்டு வந்துருவேன்” என்றாள். மாம்பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு அண்ணன் மகள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

கதவைத் திறந்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்தது, கோபம் இல்லை. “வாங்க சித்தப்பா” என்றாள். விசேஷங்களில் எங்கே பார்த்தாலும் இவள் மட்டும் அப்படிக் கூப்பிடத் தவறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரைத் தொடாமல் டீக்கடையில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். சொல்லி முடித்தபிறகுதான் நிமிர்ந்தேன்.

“சித்தப்பா, அது எனக்கு அப்பவே தெரியும்.”

எனக்குப் பேச்சு வரவில்லை.

“அந்த மாப்பிள்ளையோட அக்கா எங்கூடத் தையல் படிச்சவ. உங்க சித்தப்பாதான் சொன்னாருன்னு அவளே சொல்லிட்டா.”

“அண்ணனுக்கு?”

“அப்பாட்ட சொல்லலை. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அரிவாளத் தூக்கிட்டு வந்திருப்பாரு. நீங்களும் சும்மா இருக்கமாட்டீங்க. அப்பத்தா வேற இருந்துச்சு.” கொஞ்ச நேரம் மாம்பழப் பையின் காதைத் திருகிக்கொண்டு இருந்தாள். “ரெண்டு வருஷம் உங்களப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். அப்புறம் பொறுத்துக்கிட்டேன். சரியாப் போச்சுன்னு மட்டும் சொல்லமாட்டேன் சித்தப்பா. பொறுத்துக்கிட்டேன். காப்பி ஆறுது, குடிங்க.”

குடித்தேன். அண்ணனிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பஸ் ஏறித் திருமயம் தாண்டும்வரை எனக்குக் கண் நிற்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் யார் வீட்டில் துக்கம் என்று கேட்டார்.

இத்தனை வருஷமும் நான் மன்னிக்க முடியாதவன், அதாவது மன்னிக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்று நினைத்திருந்தேன். அதில் 17 வருஷம் ஒரு பெண்பிள்ளை, 2006-இல் அவளுக்கு 21 வயசு, வாய் திறக்காமல் என்னைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தபோது இருமவில்லை. முழுதாகச் சொன்னேன். பாதி வரிதான் நெஞ்சிலிருந்து வந்தது, “எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்ற பின்பாதி. முன்பாதி இன்னும் வாயிலிருந்துதான் வந்தது.

செப்டம்பர் 17 ஞாயிறு, கடனைத் தள்ளுபடி பெற்ற வேலைக்காரன் உவமை வாசித்தார்கள். எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன பதில். அரசனுக்கு ஒருவன் பத்தாயிரம் தாலந்து பாக்கி. அவனுக்கு இன்னொருவன் நூறு தெனாரியம் பாக்கி. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சிமெண்டு மூட்டைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். 6 கோடி நாள் கூலி. அவன் ஏழு தலைமுறை வேலை செய்தாலும் தீராது. இந்தப் பக்கம் நூறு நாள் கூலி, நம் ஊர் நூறு நாள் வேலை மாதிரி. பிரசங்கம் வைக்கிறவர்கள் இந்த நூறை அற்பத் தொகை என்று தள்ளிவிடுவார்கள். கூலிக்காரனைக் கேட்டுப் பாருங்கள். நூறு நாள் கூலி போனால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். அந்த உவமையில் எனக்குப் பிடித்ததே, நூறு என்பதை இயேசு சைபர் ஆக்கவில்லை என்பதுதான். பாக்கி பாக்கிதான்.

அதனால் சொல்கிறேன், 14 அச்சில் ஏழு என்னுடையது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவை இன்னும் அண்ணன் கொட்டகையில் இருக்கின்றன. பச்சைக்கொடிக் கல் கேட்டு ஆர்டர் வரும்போது, அது எங்களிடம் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு நண்டு நகரும். காலையில் சட்டத்துக்கு எண்ணெய் தடவும்போது பேரைச் சொல்லி மந்திரம் சொல்கிறேன். சில நாள் நண்டு நகர்வதில்லை. சில நாள் நகர்கிறது.

2023 கல்லறைத் திருநாள். நான் சாயங்காலம் போகவில்லை. காலை ஆறரைக்கே ஒரு சட்டியில் கலவையும் கரண்டியுமாகப் போனேன். அய்யா கல்லறையில் கால்மாட்டில் ஒரு கல் உடைந்து பல வருஷம் ஆகிறது, பக்கத்து வேப்பமரத்து வேர் தூக்கிவிட்டது. பச்சைக்கொடி அச்சு என்னிடம் இல்லாததால் வெறும் சிவப்புக் கல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். வேரை வெட்டி, உடைந்ததைப் பெயர்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்தார். மதினிக்கு உடம்பு முடியவில்லைபோல, தனியாகத்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். சிவப்புக் கல்லைப் பார்த்தார்.

“இதையா வைக்கப் போற?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு டிவிஎஸ் 50-ஐத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சரி, அவ்வளவுதான் என்று நான் வேலையைப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் வண்டிச் சத்தம். சாக்கில் சுற்றி ஒரு கல். தூசி ஏறி, ஓரத்தில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. துடைத்தால் பச்சைக்கொடி. அய்யா போட்ட கல்.

“அன்னைக்குப் பதிச்சதுல மிச்சம். கொட்டாயில கெடந்துச்சு.”

“அப்ப எப்பவோ மாத்தியிருக்கலாமே.”

“உன் பக்கம்ல ஒடஞ்சு கெடந்துச்சு. நான் எப்படித் தொடுறது?”

குந்தி உட்கார்ந்தார். நான் கலவையை வைத்தேன், அவர் கல்லை வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எழுபதை நெருங்குகிறவர், கை கொஞ்சம் நடுங்கியது. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பாப்பா சொன்னா.”

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. அவர் நிமிரவில்லை. ஓரத்தில் பிதுங்கிய கலவையை விரலால் வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“சிமெண்டு கூடிப்போச்சு. வெடிக்கும். மணல் போடு.”

“சரிண்ணே” என்றேன். சட்டியை எடுத்துக்கொண்டு மணல் அள்ளப் போனேன்.